ஞானஸ்நான ஏடுகளுக்கு இரண்டாம் படி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் பழைய ஆலயப் பதிவேடுகளைக் கொண்டு முன்னோரைத் தேடிக் கண்டடைவது பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அந்நாட்டாரின் பொறுமையையும் கணினி வசதியையும் கட்டுரை நன்றாகவே பாராட்டியிருந்தது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அதில் விடுபட்டுப்போன ஒன்றைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். ஏடு ஓரிடத்திலும் அதன் நகலான படி வேறோர் இடத்திலும் இருந்ததால்தான் அங்கே இத்தகைய தேடல் இன்றளவும் கைகூடுகிறது.

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு பங்கு ஆலயத்திலும் ஏட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஆணையிட்டார். தொடக்கத்தில் தாளில் எழுதப்பட்டவற்றில் பல பாழாயின. 1598இல், எலிசபெத் அரசியின் ஆட்சியில், அவற்றைத் தோல் ஏடுகளில் பெயர்த்தெழுத வேண்டும் என்று விதித்தபோது, குறிப்பாக அரசி பட்டமேறிய ஆண்டிலிருந்து எழுதுக என்றும் ஒரு வாசகத்தைச் சேர்த்துவிட்டார்கள். வேலையைச் சுருக்கிக்கொள்ள எழுத்தர்களுக்கு அது போதுமாயிருந்தது. முதல் 20 ஆண்டுகளை விட்டுவிட்டு 1558இல் தொடங்கும் ஏடுகள் அங்கே ஏராளம். ஆயினும் அந்த விதியே, ஆண்டுதோறும் ஏட்டைப் படியெடுத்துப் பேராயருக்கு அனுப்பும் கடமையையும் ஏற்படுத்தியது. ஆலயத்து ஏடு தீயிலோ நீரிலோ போனால், பேராயர் அலுவலகத்துப் படியைப் பார்த்துக்கொள்ளலாம். 1837 ஜூலையில் அரசே பிறப்பு, இறப்புகளைப் பதியத் தொடங்கும்வரை சாமானியர் பலருக்கு இவைதாம் ஆதாரம்.

அங்கும் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. உள்நாட்டுப் போரிலும் அதையடுத்த குடியரசுக் காலத்திலும் பல ஏடுகளில் பக்கங்களே இல்லை. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் முத்திரை வரி விதித்து, பரம ஏழைகளுக்கு மட்டும் விலக்களித்தார்கள். அந்த ஆண்டுகளில் ஏழைகள் என்று குறிக்கப்பட்டோர் தொகை பெருகியது. நிலத்தின் விலையைக் குறைத்துக் காட்டும் பத்திரங்களை நாள்தோறும் பார்த்த எனக்கு இதில் வியப்பில்லை. தேதியிலும் கவனம் தேவை. 1752க்கு முன் அங்கே ஆண்டு மார்ச் 25ஆம் தேதிதான் பிறந்தது. ஆகவே 1720 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1721. ஆவணியில் பிறக்கும் கொல்லம் ஆண்டை ஆங்கில ஆண்டாக்க, மாதத்தைப் பார்த்து 824ஐயோ 825ஐயோ கூட்டிப் பழகிய நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இனி நம் திருநெல்வேலிச் சீமைக்கு வருகிறேன். பாளையங்கோட்டையில் 1778இல் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் குளோரிந்தா என்ற பிராமண விதவை ஞானஸ்நானம் பெற்றார். 1780இல் 40 பேர் கொண்ட சபையாரின் பட்டியல் எழுதப்பட்டது. 1785இல் அவர் கட்டிய ஆலயமான பாப்பாத்தியம்மாள் கோயில் பிரதிஷ்டையானது. 1820இல் மிஷனரி ரேனியஸ் வந்த பிறகு சபைகள் ஊரூராகப் பெருகின. 1877, 78 பஞ்ச காலத்தில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். அக்குடும்பங்களின் வழிவந்தோர் இன்று இலங்கையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். ஆங்கிலேயனுக்கு வழிவழியாக வரும் குடும்பப் பெயர் உண்டு. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போய்விடலாம். நமக்குத் தகப்பன் பெயரின் முதலெழுத்துதான். அதிலும் சுடலைமுத்து என்றிருந்தவர் ஞானஸ்நானத்தில் வேதமாணிக்கம் ஆகிவிட்டால், பழைய பத்திரத்தில் ஒரு பெயரும் கல்லறையில் வேறு பெயருமாக அவர் இரண்டு ஆளாகத் தோன்றுவார். எங்கள் சேகரத்தில், அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதியில், நான் புரட்டிப் பார்த்த ஓர் ஏட்டில், பழைய பெயர், புதுப் பெயர், வயது, தகப்பன் பெயர், ஊர், தொழில் எல்லாம் ஒரே வரியில் இருந்தன. தொழில் என்ற இடத்தில் பனையேற்று என்று வரிக்கு வரி எழுதிக்கொண்டே வந்த கை, ஓரிடத்தில் மட்டும் கருப்பட்டி வியாபாரம் என்று எழுதியிருந்தது. அந்த வரி அழிந்தால், இரண்டு பெயரும் ஒருவருடையவை என்று காட்ட அந்த வீட்டாரிடம் வேறு சான்று இராது.

அந்த ஏட்டின் ஓரங்களை இராமபாணப் பூச்சி தின்றிருக்கிறது. மை தாளை அரித்து, சில எழுத்துகள் துளைகளாகவே நிற்கின்றன. அதற்கு வேறு படி கிடையாது. கம்பெனி ஆட்சியில் சென்னை மாகாணத்துக் குருமார், ஐரோப்பியர் வீட்டு ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஆண்டுதோறும் படியெடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. கோட்டையிலிருந்த வெள்ளைக்கார சார்ஜெண்டின் பிள்ளைக்கு இப்படி இரண்டு இடத்தில் பதிவு உண்டு. அவர் வீட்டில் சமைத்த நம்மவரின் பிள்ளைக்கு ஒன்றுதான். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், திருமணப் பதிவுகளின் நகலை மேலே அனுப்பும் கடமையை விதித்தது. ஞானஸ்நானத்தையும் அடக்கத்தையும் அது தொடவில்லை. முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு மிகுதியும் வேண்டியவை அவ்விரண்டுமே.

2023 டிசம்பர் பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதையும், தாமிரபரணிக் கரையூர்கள் தண்ணீரில் நின்றதையும் நாம் கண்டோம். மர அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும் ஏட்டுக்கு முழங்கால் அளவுத் தண்ணீரே போதும்.

ஆகவே பேராயரின் ஆளுகைப் பகுதியான திருநெல்வேலி திருமண்டலத்தாரும், 2003இல் அதிலிருந்து பிரிந்த தூத்துக்குடி நாசரேத் திருமண்டலத்தாரும் சேர்ந்து, 1900க்கு முற்பட்ட ஏடுகளையேனும் முதலில் படமெடுத்து வைக்க வேண்டுகிறேன். பெருஞ்செலவு பிடிக்கும் வேலையன்று. ஏட்டை வெளியூருக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். சேகர ஐயரின் மேற்பார்வையில், ஜன்னல் வெளிச்சத்தில், கைப்பேசியைத் தாங்கியில் பொருத்தி, பக்க எண் தெரியும்படி எடுத்தால் போதும். எடுத்த படங்களில் ஒரு தொகுதி சேகரத்திலும் மற்றொன்று பேராயர் அலுவலகத்திலும் இருக்கட்டும். பழைய ஏடுகளில் சாதியும், சிலவற்றில் பிறப்பைப் பற்றிய கடுஞ்சொற்களும் உண்டு என்பதால், எல்லாவற்றையும் இணையத்தில் கொட்டிவிடுவதை நான் ஆதரிக்கவில்லை. இங்கிலாந்திலேயே 1978ஆம் ஆண்டின் விதி, நூறாண்டு கடந்த ஏடுகளைத்தான் ஆவணக் காப்பகங்களிடம் ஒப்படைக்கச் சொல்கிறது. நாமும் அந்த வரம்பை வைத்துக்கொண்டு, அதற்குப் பிந்தியவற்றை உரிய குடும்பத்தார் எழுதிக் கேட்டால் மட்டும் காட்டலாம். பழைய கையெழுத்தை வாசிக்க ஆள் தேவைப்பட்டால், பதிவு அலுவலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் போன்றோர் ஊதியமின்றி வந்து உதவத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பதிவுத்துறை எழுத்தர்,
பாளையங்கோட்டை