கார் கட்டி ஓட்டியவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய கார் பந்தய வீரர்களைப் பற்றி எழுதும்போது ஜெயித்தவர்களோடு நிறுத்திவிடுகிறோம். தென்னாப்பிரிக்காவின் ஜெர்மிஸ்டனில் பிறந்த, லூயிஸ் டக்ளஸ் செரூரியர் என்ற முழுப்பெயர் கொண்ட டக் செரூரியரையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் அவர் ஸ்பீட்வே எனும் வட்டப்பாதைப் பந்தயத்தில் பைக் ஓட்டிய வீரர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்து போய் ஓட்டினார். அப்புறம்தான் கார். வாங்கி ஓட்டியதோடு நிற்காமல், தானே செய்யத் தொடங்கினார். தன் முழுப்பெயரின் ஆங்கில முதலெழுத்துகளையே வைத்து எல்.டி.எஸ். என்று பெயரிட்டார். இங்கிலாந்தின் கூப்பர் பந்தயக் கார்களின் அமைப்பைப் பார்த்துக் கட்டி, ஆல்ஃபா ரோமியோ என்ஜினைப் பொருத்தினார். பார்த்துச் செய்ததுதானே என்று சிலர் சொல்லலாம். பெரிய கம்பெனியின் பணபலம் இல்லாமல், 1962 டிசம்பரில் நம் நாட்டு ஈஸ்ட் லண்டன் நகரில் நடந்த ஃபார்முலா ஒன் கிராண்ட் பிரி பந்தயத்தில், கிரஹாம் ஹில், ஜிம் கிளார்க் போன்ற பெரிய வீரர்கள் ஓடிய அதே பாதையில் சொந்தக் காரை இறக்கினாரே, அது சாதாரண வேலையா? அவர் செய்த காரை சாம் டிங்கிள் என்ற பந்தய வீரரும் ஓட்டினார். பின்னாளில் லோலா டி70 போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களையும் செரூரியர் ஓட்டினார்.

நிறவெறிக் காலத்தில் இந்த விளையாட்டின் கதவு இந்திய வம்சாவளியினரான நம்மவர்களுக்கு அடைத்தே கிடந்தது. இன்று நம் டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் என்ஜினைப் பிரித்து மாட்டும் பையன்கள் எத்தனையோ பேர். செரூரியரைப் பற்றி, முக்கியமாக அவருடைய பட்டறை வேலையைப் பற்றி, படங்களோடு ஒரு முழுப்பக்கக் கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாசகர்,
டர்பன்