பட்டறையைப் பெருக்க வேண்டாம்

அன்புள்ள கண்ணு,

போன வாரம் போனில் நீ சொன்னது மனதை விட்டுப் போகவே இல்லை. உன் சுற்றுவட்டாரத்துக் கலைஞர்கள் எல்லோரும் சேர்ந்து இரண்டு நாள் தங்கள் பட்டறைகளைத் திறந்து வைக்கப்போகிறார்கள், மண்பாண்டம் செய்கிற உன்னையும் கேட்டார்கள், நீ மாட்டேன் என்று சொல்லிவிட்டாய். "இந்தக் கொட்டகையைப் பார்க்க யாரும்மா வரப்போறாங்க? பாதி சாமான் முடியாமக் கிடக்கு, தரையெல்லாம் சேறு" என்றாய். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சொல்கிற அளவுக்கு எனக்கு இதைப் பற்றி எதுவும் தெரியாது. இங்கேயும் கிராமப்புறத்தில் அதே மாதிரி ஒன்று நடக்கிறது என்று கேள்விப்பட்டு, இந்தச் சனி, ஞாயிறு நானும் அப்பாவும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். பார்த்ததை எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் கையில் ஒரு வரைபடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு பட்டறைக்கும் ஓர் எண். ரோட்டில் திருப்பத்துக்குத் திருப்பம் மஞ்சள் அட்டையில் அம்புக்குறி. சில இடங்களில் அட்டையைத் திருப்பம் தாண்டி வைத்திருந்தார்கள். அப்பா ஒரே ரோட்டில் மூன்று தடவை போய்வந்தார். இதை நினைவில் வை. அட்டை திருப்பத்துக்கு முன்னால் இருக்க வேண்டும், வண்டி ஓட்டுகிறவருக்குத் தூரத்திலிருந்தே தெரியவேண்டும்.

முதல் வீட்டு வாசலில் நான் கொஞ்ச நேரம் தயங்கி நின்றேன். உள்ளே போனால் ஏதாவது வாங்கியாக வேண்டுமோ, ஒன்றும் வாங்காமல் திரும்பினால் அவர் மனம் நோகுமோ என்று பயம். ஓவியம் பற்றி எனக்கு என்ன தெரியும், என்ன பேசுவது என்று இன்னொரு பயம். அந்த அம்மாள் உள்ளேயிருந்தே பார்த்துவிட்டு, "சும்மா பாக்கத்தான் வந்திருக்கீங்க? அதுக்குத்தான் திறந்து வெச்சிருக்கேன், உள்ள வாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில் பயம் போய்விட்டது. உன் வாசலிலும் என்னைப் போல நாலு பேர் நிற்பார்கள். யாராவது அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும்.

அவர் எண்ணெய் வண்ணத்தில் வரைபவர். பழைய மாட்டுத்தொழுவம்தான் பட்டறை. வடக்குச் சுவரில் மட்டும் பெரிய ஜன்னல் வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். அந்தப் பக்கம் நேர்வெயில் விழாது, அதனால் வெளிச்சம் நாள் முழுக்க அவ்வளவாக மாறாது என்றார். பிரான்சில் செசான் என்ற ஓவியர் 1902-இல் ஊருக்கு வெளியே தனக்கென்று கட்டிய பட்டறையிலும் வடக்கே பெரிய ஜன்னல் இருக்கிறதாம். கூடவே சுவரில் உயரமாக, ஒடுக்கமாக ஒரு பிளவு விட்டுக் கட்டியிருக்கிறார். வாசல் வழியாகப் போகாத பெரிய படங்களை அந்த வழியாக வெளியே எடுப்பதற்காக. எனக்கு அந்தப் பிளவு ரொம்பப் பிடித்துவிட்டது. எந்த வேலையைச் செய்யப்போகிறோம் என்று தெரிந்த மனிதன் கட்டிய சுவர் அது.

அவருடைய படங்களில் ஒன்று இன்னும் ஈரமாக இருந்தது. எண்ணெய் வண்ணம் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது, தடிமனாகப் பூசினால் மாதக்கணக்கில் ஆகும் என்றார். அந்த ஈரப் படத்தின் முன்னால்தான் எல்லோரும் கூட்டமாக நின்றார்கள். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

இரண்டாவது இடம் அப்படியே தலைகீழ். வெள்ளைச் சுவர், வெள்ளை மேடைகள், ஒவ்வொரு பொருளுக்கும் விளக்கு. கருவி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எல்லாவற்றையும் பின்னறையில் வைத்துப் பூட்டிவிட்டார் போல. அழகாகத்தான் இருந்தது. ஆனால் கேட்பதற்கு எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டோம். நீ உன் கொட்டகையை இப்படி மாற்ற வேண்டும் என்று நினைத்துத்தான் பயப்படுகிறாய் என்று அங்கே நின்றபோதுதான் எனக்குப் பட்டது.

அப்புறம் அச்சு ஓவியம் செய்யும் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனோம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வீட்டை விட்டு எங்களால் கிளம்பவே முடியவில்லை. செப்புத் தகட்டின் மேல் மெழுகு கலந்த பூச்சு ஒன்றைத் தடவி, அதில் ஊசியால் கீறி வரைகிறார். கீறிய இடத்தில் செம்பு வெளியே தெரியும். தகட்டை அமிலத்தில் போட்டால் அந்தக் கோடுகளை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். பிறகு பூச்சைத் துடைத்து எடுத்துவிட்டு, மையைத் தகடு முழுக்கத் தேய்த்து, மேலே இருப்பதைத் துணியால் துடைத்து எடுக்கிறார். மை பள்ளத்தில் மட்டும் தங்கும். ஈரப்படுத்திய காகிதத்தை மேலே போட்டு, கம்பளம் மூடி, இரண்டு உருளைகளுக்கு நடுவே தள்ளினால் காகிதம் அந்தப் பள்ளத்துக்குள் அமுங்கி மையை எடுத்துக்கொள்ளும். படம் இடவலம் மாறி விழும் என்பதால் முதலிலேயே திருப்பி யோசித்து வரைய வேண்டுமாம்.

படத்தின் அடியில் பென்சிலால் 4/25 என்று எழுதியிருந்தது. இருபத்தைந்து பிரதியில் இது நாலாவது என்று அர்த்தம். நான் இவ்வளவு நாள் அதைத் தேதி என்று நினைத்திருந்தேன்.

அவர் என்னைப் பார்த்து, "நீங்க சுத்துறீங்களா?" என்று அச்சு இயந்திரத்தின் சக்கரத்தைக் காட்டினார். கை நடுங்கியது. சுற்றினேன். பாதியில் கனத்ததும் பயந்து நிறுத்திவிட்டேன். அவர் "போங்க, போங்க" என்றதும் மறுபடி சுற்றினேன். காகிதத்தின் மூலையைப் பிடித்து மெல்லத் தூக்கச் சொன்னார். எனக்குப் பின்னால் நின்ற ஒரு சின்னப் பையன் என் தோளில் சாய்ந்து எட்டிப் பார்த்தான். ஒரு மரம், அதன் அடியில் கிணறு. நடுவில் நான் நிறுத்திய இடத்தில் குறுக்கே ஒரு மெல்லிய கோடு. அந்தப் பிரதிக்கு எண் போட முடியாது என்று சொல்லி அவர் அதை எனக்கே கொடுத்துவிட்டார். இப்போது கூடத்தில் உன் போட்டோவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கோட்டைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன்.

அங்கே இன்னொன்றும் நடந்தது. பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் வந்திருந்தார். 11 வருஷமாக வேலிக்கு அந்தப்புறம் இருக்கிறாராம், இன்றைக்குத்தான் முதல் தடவையாக உள்ளே வருகிறாராம். அவர் படங்களைப் பார்க்கவே இல்லை. நேரே போய் அந்த இயந்திரத்தின் பல்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்து, எண்ணெய் என்ன போடுகிறீர்கள் என்று ஆரம்பித்தார். பெரியவர் மகிழ்ந்துபோய் அரைமணி நேரம் அதையே பேசினார். கிளம்பும்போது அந்த நிலத்துக்காரர், பெரிய சாமான் ஏதாவது தூக்க வேண்டியிருந்தால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கண்ணு, நீ தனியாக இருக்கிறாய். இடம் கிடைக்கும், சூளைப் புகையைப் பற்றி யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்றுதான் அவ்வளவு தூரம் போனாய். சரிதான். ஆனால் நீ அங்கே என்ன செய்கிறாய் என்று உன் பக்கத்து வீட்டுக்குத் தெரியுமா?

கடைசியாக, உன் தொழில் செய்கிற ஒரு பெண்ணின் பட்டறை. உன்னைவிடச் சில வயது மூத்தவராக இருப்பார். நான் பார்க்கப் போனதே அதைத்தான். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பலகை, அதில் விரிசல் விட்டவை, கோணியவை, ஒட்டிக்கொண்டவை எல்லாம் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டுக் காகிதம். "சூளை ஆறும் முன் திறந்தேன்." "அடி தடிமன்." "கிளேஸ் அதிகம், தட்டோடு ஒட்டிவிட்டது." கிளேஸ் என்றால் மண்பாண்டத்தின் மேல் பூசிச் சுடுகிற கண்ணாடி மாதிரிப் பூச்சாம். அந்தப் பலகையை விட்டு யாரும் நகரவில்லை. பிள்ளைகள் சத்தம் போட்டுப் படித்தார்கள்.

ஒரே அச்சில் செய்த இரண்டு கிண்ணங்களை அருகருகே வைத்திருந்தார். ஒன்று ஈர மண், இன்னொன்று சுட்டது. சுட்டது பத்தில் ஒரு பங்கு சின்னதாக இருந்தது. காயும்போதும் சுடும்போதும் மண் சுருங்குகிறது என்றார். ஒருமுறை நீ "எல்லாம் சின்னதாப் போயிடுச்சும்மா" என்று அழுத குரலில் சொன்னாயே, நான் "அளவு பார்த்துச் செய்யக் கூடாதா" என்று கேட்டேன். அந்தக் கேள்வி எவ்வளவு தப்பு என்று இரண்டு கிண்ணத்தையும் கையில் வைத்துப் பார்த்தபோது புரிந்தது.

ஒரு வாளியில் வெளிறிய ஊதா நிறத்தில் கரைசல். இதுதான் அந்த அடர்நீலம் என்று அலமாரியைக் காட்டினார். அதில் கலந்திருக்கும் கோபால்ட் என்ற உலோகச் சேர்மம் சூளைக்குள் போய் வந்தால்தான் நீலமாகுமாம். முதல் சூடு சுமார் 1000 டிகிரி, அதன்பின் கிளேஸ் பூசி இரண்டாவது சூடு 1250 டிகிரிக்கு மேல். அப்புறம் ஆறுவதற்கு ஒரு நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதுவரை உள்ளே என்ன ஆனது என்று செய்தவருக்கே தெரியாது. இப்படி ஒரு வேலையை நீ வருஷக்கணக்கில் செய்துகொண்டிருக்கிறாய், நான் போன் பண்ணும்போதெல்லாம் "விற்றதா?" என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

ஹமதா என்ற ஜப்பானியக் குயவரைப் பற்றியும் அவர் சொன்னார். 1924-இல் மஷிகோ என்ற ஊரில் குடியேறினார். சமையலறைச் சட்டிபானை செய்கிற ஊர் அது. அந்த ஊர் மண்ணையே எடுத்து, அந்த ஊர்ப் பொருட்களிலேயே கிளேஸ் செய்து, கடைசிவரை அங்கேயே வேலை செய்தார். 1955-இல் ஜப்பான் அரசு அவரை நாட்டின் வாழும் பொக்கிஷங்களில் ஒருவராக அறிவித்தது. அவருடைய பட்டறையையும் சூளையையும் பார்க்க இன்றும் மக்கள் போகிறார்களாம். பானைகள்தான் எங்கும் கிடைக்குமே, பட்டறையைப் பார்க்க ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று காலையில் கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

இப்போது சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். அந்தப் பெண்ணின் பட்டறைத் தரையில் களிமண் தூள் காய்ந்து கிடந்தது. பழக்கத்தில் நான், "ஒரு துடைப்பம் இருந்தா கொடுங்க, கூட்டம் வர்றதுக்குள்ள பெருக்கிடறேன்" என்றேன். அவர் பதறிவிட்டார். களிமண் தூளில் சிலிக்கா என்ற நுண்ணிய மணல் தூள் இருக்கிறது, உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் காற்றில் எழும்பி நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும், வருஷக்கணக்கில் அப்படிப் போனால் தீராத நோய் வரும், ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும் என்றார்.

நான் முதல் தடவை உன் கொட்டகைக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? நீ அலமாரியைக் காட்டப் போனாய். நான் துடைப்பத்தைத் தேடி எடுத்துப் பெருக்க ஆரம்பித்தேன். நீ "விடும்மா!" என்று கத்தினாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை, அலமாரியையும் பார்க்கவில்லை. அதற்கப்புறம் நான் வருகிறேன் என்றால் நீ கொட்டகையைப் பூட்டி வைத்தாய். இப்போது ஊர்க்காரர்கள் வருகிறார்கள் என்றதும் முடியாத சாமானையும் சேற்றையும் சொல்கிறாய். அதை உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று நினைக்கிறேன். மன்னித்துவிடு.

நீ செய்ய வேண்டியது ரொம்பக் குறைவு. விலையைத் தெரியும்படி எழுதி வை, கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் நிறையப் பேர். சின்னதாகக் கையில் எடுத்துப் போகிற மாதிரி சில பொருட்கள் இருக்கட்டும். கேலரி என்றால் விலையில் பாதிவரைகூட எடுத்துக்கொள்கிறார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய், இங்கே அது மிச்சம். ஆனாலும் அந்த இரண்டு நாள் விற்பனையை மட்டும் வைத்துக் கணக்குப் பார்க்காதே. இன்று பார்த்துவிட்டுப் போகிறவர் ஆறு மாதம் கழித்து வருவது சகஜம் என்று எல்லாப் பட்டறையிலும் சொன்னார்கள். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டைச் சுற்றியுள்ள ஊர்களில் இதே மாதிரிப் பட்டறை திறப்பு 1980-களில் தொடங்கி இன்னும் ஒவ்வொரு மே மாதமும் நடக்கிறது. வருஷா வருஷம் அதே வீட்டுக்கு மறுபடி வருகிறவர்கள் இல்லாமல் அது இத்தனை காலம் நடந்திருக்காது.

நான் வெள்ளிக்கிழமையே வந்துவிடுகிறேன். நடக்கிற வழியை மட்டும் ஈரத்துணியால் துடைக்கிறேன். சூளைக்குப் பக்கத்தில் பிள்ளைகள் போகாமல் குறுக்கே ஒரு கயிறு கட்ட வேண்டும், அதை அப்பா பார்த்துக்கொள்வார். அட்டைகளுக்கு அம்புக்குறியும் அவரே எழுதுகிறாராம், மூன்று தடவை சுற்றி வந்த அனுபவம் இருக்கிறது. வாசலில் நான் நிற்கிறேன். தயங்கி நிற்கிறவர்களை எனக்கு அடையாளம் தெரியும். நீ சக்கரத்தில் உட்கார்ந்து உன் வேலையைச் செய். உடைந்ததையெல்லாம் கொட்டிவிடாதே, ஒரு பலகை போட்டு வைப்போம்.

வரைபடம் அச்சுக்குப் போவதற்கு முன் பெயர் கொடுக்க வேண்டும் என்றாயே, கடைசி நாள் என்றைக்கு? உடனே எழுது.

அன்புடன்,
அம்மா