கோல்காவலர் பெயரில் கிண்ணம், கோல்காவலருக்குப் பரிசில்லை

நம் ஊர் எழுவர் காற்பந்துப் போட்டியை நடத்தும் தம்பிகளுக்கு,

வணக்கம். இவ்வாண்டுச் சுழற்கிண்ணத்துக்கு ஆர். ஆறுமுகத்தின் பெயரைச் சூட்டியிருக்கிறீர்கள். பெஸ்தாரி ஜெயா கடைத்தெருவில் சுவரொட்டியைப் பார்த்ததும் மனம் குளிர்ந்தது. பரிசுப் பட்டியலைப் படித்தபோதுதான் திகைத்தேன். அதிக கோல் அடித்தவருக்குப் பரிசு, சிறந்த ஆட்டக்காரருக்குப் பரிசு, சிறந்த சீருடைக்கும் பரிசு. சிறந்த கோல்காவலருக்கு மட்டும் ஒன்றுமில்லை! 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கொண்டாடிய கோல்காவலரின் பெயரில் இப்படியும் ஒரு பட்டியலா?

அவர் 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தபோது உங்களில் பலர் பிறந்திருக்கவே மாட்டீர்கள். ஆகவே சொல்கிறேன். 1970களிலும் 80களிலும் சிலாங்கூர் மாநில அணிக்கும் மலேசிய அணிக்கும் கோல் காத்தவர் அவர். நீண்ட கைகள், எட்டாத மூலைக்கும் பாயும் உடம்பு. பட்டப்பெயர் சும்மா வரவில்லை. முன்னே மொக்தார் டஹாரி கோல் அடிப்பார். தற்காப்பில் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் நிற்பார்கள். அவர்களையும் தாண்டி வருகிற பந்துக்கு ஆறுமுகம்தான் பதில். 1980 ஏப்ரலில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றோம். ஜேம்ஸ் வோங் அடித்த வெற்றி கோலை இன்றும் காப்பிக்கடையில் பேசுகிறார்கள். அன்று கோல் கம்பத்தடியில் நின்றவரைப் பற்றிப் பேச்சு குறைவு. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து மலேசியா விலகிக்கொண்டதால் அந்த அணி மாஸ்கோவுக்குப் போகவே இல்லை.

நம் திடலுக்கு வருவோம். இங்கே யாரைக் கோல் காக்க நிறுத்துகிறோம்? ஓட முடியாதவனை, அல்லது ஆளிலேயே சின்னவனை. எப்படி விழ வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. கோல் முகப்பில் புல் செத்துச் செம்மண் இறுகிக் கிடக்கிறது. முழங்கையை ஊன்றி விழுகிறான், தோல் உரிகிறது, அடுத்த ஆட்டத்தில் பாயவே அஞ்சுகிறான். பக்கவாட்டில் சரிந்து விழுவதையும், எதிரி தனியாக வரும்போது முன்னேறிக் கோணத்தைக் குறுக்குவதையும் ஒரே காலையில் தொடங்கி வைக்கலாம். ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பு கோல்காவலர் பயிற்றுநர்களுக்கென்றே தனிச் சான்றிதழ்ப் பயிற்சி வைத்திருக்கிறது. அதன் தலைமையகம் வேறெங்கோ இல்லை, நம் கோலாலம்பூரின் புக்கிட் ஜாலிலில் இருக்கிறது. தகுதி பெற்ற ஒருவரை ஒரு நாள் அழைத்து வருவது நம்மால் ஆகாத காரியமா? இறுதியாட்டத்தன்று முக்கியப் பிரமுகருக்குப் போடும் கூடாரத்தின் செலவைவிடக் குறைவாகத்தான் ஆகும் என்று நினைக்கிறேன்.

நான் கேட்பது இதுதான். அதிக கோல் அடித்தவருக்குத் தரும் அதே தொகையைச் சிறந்த கோல்காவலருக்கும் கொடுங்கள். கோல் முகப்பு இரண்டிலும் ஒரு லாரி மணலைக் கொட்டிக் கிளறிவிடுங்கள். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட கோல்காவலர்களுக்குக் கையுறை வாங்கிக் கொடுங்கள்; ஒரு சோடிக்கான பணத்தை நானே தருகிறேன்.

சுவரொட்டியை மறுபடியும் அச்சடிக்க வேண்டாம். பழையதிலேயே கீழே ஒரு வரி ஒட்டினால் போதும்.

இப்படிக்கு,
ஆண்டுதோறும் கோல் வலைக்குப் பின்னால் நின்று ஆட்டம் பார்க்கும் ஒருவன்