சிக்கும் இரண்டு பாரைத் தனியே எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் பியானோ கிரேடு (படிநிலை) தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளில் பலர், வீட்டில் பீஸை (வாசிக்க வேண்டிய இசைப் படைப்பை) முதலிலிருந்து கடைசி வரை திரும்பத் திரும்ப வாசிப்பதையே பயிற்சி என்கிறார்கள். சிக்கும் இடத்தில் நின்று, மறுபடி தொடக்கத்துக்கே போவார்கள். சுலபமான பகுதி மெருகேறும். தடுமாற்றமும் அப்படியே விரலில் பதியும்.

சிக்கல் ஒரு முழு வரியில் இருப்பது அபூர்வம். கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் நுழையும் இடத்திலோ, கை இடம் மாறும் இடத்திலோ, இரண்டு சுரங்களுக்கு நடுவில்தான் இருக்கும். அதைக் கண்டுபிடித்து, முந்தைய பீட்டின் (தாளத் தட்டின்) கடைசிச் சுரத்திலிருந்து அடுத்த பாரின் (இசைக் குறிப்பில் செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதியின்) முதல் சுரம் வரை மட்டும் எடுக்க வேண்டும். அந்த ஒட்டுச் சுரங்களை விட்டுவிட்டால், தனியே நன்றாக வந்த துண்டு பீஸோடு சேரும்போது மறுபடி உடையும்.

விரல் எண்ணை (கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5) பென்சிலால் எழுதி, பிறகு மாற்றவே கூடாது. பீத்தோவனின் 'ஃப்யூர் எலிஸ்' பீஸில் முதல் மெட்டு கடைசியாகத் திரும்புவதற்கு முன் வலக்கை குரோமாட்டிக் ஸ்கேலில் (கறுப்பு, வெள்ளைக் கட்டை எதையும் விடாமல் வரிசையாக) இறங்கும். அங்கே கறுப்புக் கட்டைக்கு 3, வெள்ளைக்கு 1, அவற்றில் சி, எஃப் என்னும் சுரங்களுக்கு மட்டும் 2 என்பது வழக்கமான விரலமைப்பு. நாளுக்கொரு விரல் வைத்தால் வேகம் வராது.

மெட்ரோனோமில் (தாளம் தட்டும் கருவியில்) இறுதி வேகம் நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் 60இல் தொடங்கலாம். தொடர்ந்து மூன்று முறை பிழையின்றி வந்தால்தான் 4 கூட்டலாம். பிழை வந்தால் 8 குறைக்க வேண்டும். மெதுவாக வாசிக்கும்போது விரலை உயரத் தூக்கி அடிப்பது வீண். வேகத்தில் அந்த அசைவுக்கு நேரமே கிடையாது. ஏதாவது ஒரு வேகத்தில் முட்டி நின்றால் தாளத்தை மாற்றுங்கள்: நான்கு சுரத் தொகுதியில் முதலாவதை நீட்டி மற்ற மூன்றையும் விரைவாக, பிறகு இரண்டாவதை நீட்டி, இப்படி நான்கு விதமாக. நீளும் சுரத்தில் கை தளரும், குறுகியவை முழு வேகத்தில் பழகும். ஆர்பெஜியோ (ஒரு கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது) என்றால் முதலில் கார்டுகளாக, அதாவது சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில், அமுக்கிப் பார்த்தாலே கையின் இடங்கள் பிடிபடும்.

முன்கை வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வலக்கை பாழாகித்தான் ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமன் 1830களில் பியானோ கலைஞராகும் எண்ணத்தைக் கைவிட்டார்.

பெற்றோர் கவனிக்க: பியானோ கட்டையை இறக்க ஏறத்தாழ 50 கிராம் எடை வேண்டும், ஆழம் சுமார் 10 மி.மீ. லேசான 61 கட்டைக் கீபோர்டில் மட்டும் பழகிய விரல், தேர்வறையில் சுரங்களை விழுங்கும். பியானோ போலவே கனமான கட்டைகள் கொண்ட 88 கட்டை ஹேமர் ஆக்‌ஷன் வாங்க இயலாதவர்கள், தேர்வுக்கு முந்தைய சில வாரங்களாவது ஆலயத்திலோ பள்ளியிலோ உள்ள பியானோவில் வாசிக்க அனுமதி கேளுங்கள்.

இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் ஈரப்பதத்தால் மரமும் உள்ளே உள்ள துணியும் உப்பி, கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். ஒரே சுரம் தொடர்ந்து விழவில்லை என்றால், அந்தக் கட்டையை மெல்ல அழுத்தி விட்டுப் பாருங்கள். தாமதமாக எழும்பினால் குறை பிள்ளையின் விரலில் இல்லை, பியானோவைச் சரிசெய்யும் ட்யூனரை அழையுங்கள்.

இப்படிக்கு,
பியானோ ஆசிரியர்கள் சிலர்,
கன்னியாகுமரி மாவட்டம்