ஆஸ்டர்லி மாளிகைப் பயணம்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஜூன் மாதம் இரண்டாம் சனிக்கிழமை 4 முதல் 7ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை மேற்கு லண்டனில் உள்ள ஆஸ்டர்லி மாளிகைக்கு அழைத்துச் செல்கிறோம். காலை 9.45க்கு பிக்கடில்லி ரயில் பாதையின் ஆஸ்டர்லி ஸ்டேஷன் வாசலில் கூடுவோம். அங்கிருந்து சுமார் 1 மைல் நடை; சிறுவர்களோடு அரை மணி நேரமாகும். பழகிய சப்பாத்து போதும், புதியது காலைக் கடிக்கும்.

இந்த மாளிகையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1570களில் தாமஸ் கிரெஷம் என்ற லண்டன் வணிகர் கட்டிய செங்கல் வீடு இது. 1713இல் சைல்ட் என்ற வங்கிக் குடும்பத்தின் கைக்கு வந்தது. 1761 முதல் ராபர்ட் ஆடம் என்ற கட்டடக் கலைஞர் அதை மாற்றியமைத்தார். சைல்ட் குடும்பத்தார் கிழக்கிந்தியக் கம்பெனியில் பங்கு வைத்திருந்தார்கள், இயக்குநர்களாகவும் இருந்தார்கள். சென்னையில் ஜார்ஜ் கோட்டையைக் கட்டி ஆண்ட அதே கம்பெனிதான். சீனாவில் செய்வித்த பீங்கான்களில் அந்தக் குடும்பத்தின் சின்னத்தைப் பார்க்கும்போது, இதற்கான பணம் எங்கிருந்து வந்தது என்று நம் பிள்ளைகள் கேட்க வேண்டும். அழகை ரசிப்பதும் அதைக் கேட்பதும் சேர்ந்தே நடக்கட்டும்.

முன்மண்டபத்தின் தரைக் கோலம் மேற்கூரையின் வடிவத்தை ஒத்திருக்கும். உணவறையில் நாற்காலிகள் சுவரோரம் நிற்கும், நடுவில் மேசை இராது. வேலைக்காரர்கள் மடக்கு மேசைகளைக் கொண்டுவந்து விரிப்பார்கள். இவற்றை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

உள்ளே எதையும் தொடக் கூடாது. விரலில் உள்ள வியர்வை உப்பும் எண்ணெயும் தங்கப் பூச்சையும் துணியையும் கறையாக்கும். முதுகுப் பை வேண்டாம்: பிள்ளை திரும்பும்போது பைதான் பொருள்களில் இடிக்கும். பேனாவும் வேண்டாம், பென்சில் மட்டும். ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது. பாரிஸில் நெய்த சுவர்த்திரைகள் உள்ள அறை மங்கலாகவே இருக்கும். வெளிச்சத்தில் வெளிறிய சாயம் திரும்ப வராது. வெயிலிலிருந்து வந்ததும் பிள்ளைகளின் கண்ணுக்கு எதுவும் தெரியாது, அவசரப்பட்டு அடுத்த அறைக்கு ஓடிவிடுவார்கள். ஆகவே கண் பழகும்வரை இரண்டு மூன்று நிமிடம் அங்கேயே நிறுத்தி வைப்போம்.

மதிய உணவு தோட்டத்தில். அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல் கொடுத்துவிடுங்கள். கச்சான் சேர்ந்த தின்பண்டம் வேண்டாம். ஏரி வாத்துகளுக்குப் பாண் போட வேண்டாம், மிச்சம் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். ஆடம் கட்டிய அரைவட்டத் தோட்ட வீட்டையும் பார்ப்போம். ஆங்கிலத் தோட்டங்களில் சாதாரணமாக இருக்கும் யூ மரமும் ஃபாக்ஸ்குளோவ் செடியும் நஞ்சு. இலை, காய் எதையும் பறித்து வாயில் வைக்கக் கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள். நீளப் புல்லில் உண்ணி இருக்கும். முழுக்காற்சட்டையும் நீளக் காலுறையும் நல்லது; இரவில் முழங்கால் மடிப்பையும் அக்குளையும் பாருங்கள்.

மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் காலையிலேயே மருந்து கொடுங்கள். ஆஸ்துமா பம்பில் பெயர் எழுதி வகுப்பாசிரியரிடம் நேரில் தாருங்கள், பையில் போட்டு அனுப்ப வேண்டாம். மாலை 3.30க்கு அதே ஸ்டேஷன் வாசலில் பிள்ளைகளை அழைத்துக்கொள்ளலாம். கையொப்பமிட்ட சம்மதப் படிவம் பயணத்துக்கு முந்திய சனிக்கிழமைக்குள் எங்களுக்குக் கிடைக்க வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்