எதிர் விளிம்பைப் பார்

திருவல்லிக்கேணி,
சென்னை-5

அன்புள்ள சேது,

வீட்டில் எல்லோரும் நலமா? பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது பற்றி எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். இங்கே மழை விட்டபாடில்லை.

வாங்கலாமா என்று கேட்டு நீ அனுப்பிய நாலு காசுகளின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வியாபாரி நாலையும் 'எரர் காயின்', அதாவது தயாரிப்பில் பிழையான காசு, என்று சொல்லத்தான் சொல்வார். காசுக்கான வட்டத் தகடு வெட்டும்போதோ, அச்சிலோ, அடிக்கும்போதோ நடந்தால்தான் அது பிழை. மற்றதெல்லாம் காசு அடிக்கும் அக்கசாலையை விட்டு வந்தபின் பட்ட காயம்.

முதலில் அந்தப் பிறை வெட்டு விழுந்த ஐந்து ரூபாய். வெட்டுப் பொறி, ஏற்கெனவே தகடு எடுத்த ஓட்டையின் மேல் மறுபடி இறங்கினால் இப்படிப் பிறை விழும். பிறகு விளிம்பு உயர்த்தும் இயந்திரத்தில் தகடு உருளும்போது, வெட்டு இருக்குமிடத்தில் அழுத்தம் இல்லாததால் அதற்கு நேர் எதிரே விளிம்பு சரியாக எழும்பாது. 'பிளேக்ஸ்லி எஃபெக்ட்' என்பது இதைத்தான். எல்லா நிஜ வெட்டிலும் இது பளிச்சென்று தெரியாது. அப்போது எழுத்தைப் பார். அடிக்கும்போது உலோகம் காலியிடத்தை நோக்கி நகர்வதால், வெட்டை ஒட்டிய எழுத்துகள் இழுபட்டு மங்கியிருக்கும். அரம் போட்டு ராவியதில் எழுத்து முழு உயரத்தோடு வந்து சட்டென்று அறுந்து நிற்கும். உன் படத்தில் எழுத்தும் அறுந்து நிற்கிறது, எதிர் விளிம்பும் முழுசாக இருக்கிறது. வேண்டாம். செப்பு-நிக்கல் ஐந்து ரூபாய் 9 கிராம் இருக்க வேண்டும், இது குறைகிறது என்று அவர் தராசைக் காட்டினால் மயங்காதே. ராவினாலும் எடை குறையத்தானே செய்யும்!

எடை உதவுவது வேறு இடத்தில். காலர், அதாவது அடிக்கும்போது தகட்டைச் சுற்றிப் பிடிக்கும் வளையம், இல்லாமல் அடிபட்ட இதே ஐந்து ரூபாய் அதன் வழக்கமான 23 மில்லிமீட்டரைத் தாண்டி விரிந்திருக்கும், விளிம்பு வேலைப்பாடு இருக்காது, ஆனால் எடை அப்படியே 9 கிராம் நிற்கும், உருவமும் கூர்மையாக இருக்கும். சுத்தியால் தட்டி விரித்ததில் உருவம் நசுங்கிவிடும்.

பத்து ரூபாயில் நடுவட்டம் மட்டும் திரும்பியிருப்பது சுத்த ஏமாற்று. வளையமும் நடுவும் ஒரே அடியில் பதிகிறவை. ஒன்று மட்டும் திரும்ப வழியே இல்லை. நடுவைத் தட்டிக் கழற்றி மாற்றிச் செருகியிருக்கிறார்கள்.

இரட்டை எழுத்து இரண்டு ரூபாயை 10 மடங்கு லென்ஸில் பார். இரண்டாவது கோடு தட்டையாக, படிக்கட்டு மாதிரி, எழுத்தின் அகலத்தைத் தின்றிருந்தால் அது அடிக்கும்போது அச்சு அசைந்தது. மலிவு. அச்சே இரட்டையாக உருவாகியிருந்தால் எழுத்து தடித்து, முனைகளில் பிளவு தெரியும். அது அந்த அச்சில் அடித்த ஒவ்வொரு காசிலும் வரும் என்பதால் இன்னொரு காசோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நாலாவது, 'அக்கசாலைக் குறி (எந்த ஊரில் அடித்தது என்று காட்டும் சின்னம்) விடுபட்டது' என்றாரே, அது கொல்கத்தா காசு. அங்கே குறியே போடுவதில்லை. மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி.

எதையும் புளி போட்டுத் தேய்த்துவிடாதே. பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் இருப்பதை மைலார் (பாலியெஸ்டர்) உறைக்கு மாற்று. இந்தப் புழுக்கத்தில் பச்சை பிசுபிசுப்புப் பிடித்துவிடும். இரண்டு ரூபாயை மட்டும் விளிம்போடு சேர்த்துப் படமெடுத்து அனுப்பு, பார்த்துவிட்டு விலை சொல்கிறேன்.

அன்புடன்,
வரதன்