ஹெலிகாப்டருக்கு மட்டுமா பாராட்டு?

ஐயா,

டெக்சாஸை வெள்ளத்தில் ஆழ்த்திய ஹார்வி புயல் பற்றிய உங்கள் கட்டுரையில், மீட்புப் பணிக்காக ஹெலிகாப்டர்களைப் புகழ்ந்தது சரி. 'சிவில் ஏர் பேட்ரோல்' என்ற அமெரிக்கத் தன்னார்வ விமான அமைப்பின் டெக்சாஸ் பிரிவுக்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம். 2017-இல் சிறிய செஸ்னா விமானங்களில் வெள்ளப் பகுதிகளுக்கு மேல் பறந்து, எங்கெங்கே வீடுகள் மூழ்கின என்று ஜன்னல் வழியே படமெடுத்துக் கொடுத்தவர்கள் இந்தத் தன்னார்வலர்கள். சம்பளம் கிடையாது, சந்தா வேறு கட்டுகிறார்கள்! 1941-இல் தொடங்கிய அமைப்பு, 1948 முதல் அமெரிக்க விமானப்படையின் துணைப்பிரிவு.

12 வயதுப் பிள்ளைகளையும் கேடட்டாக, அதாவது இளம் பயிற்சி உறுப்பினராக, சேர்க்கிறார்கள். ஸ்பெல்லிங் போட்டிக்கு ஊர் ஊராக அலையும் அமெரிக்கவாழ் நம் இந்தியப் பெற்றோர் இங்கேயும் எட்டிப் பார்க்கலாம். பயிற்சி வாரம் ஒருமுறைதான், டியூஷன் கெடாது.

– ஒரு வாசகர், ஹூஸ்டன்